பழங்காந்தத்தை எவ்வளவு தூரம் உடைப்பது?

வினாவும் அதன் பிறப்பும்

உபயோகம் தீர்ந்த ஒரு பொருளிலிருந்து உலோகத்தை மீட்க விரும்புகிறவர்கள், அப்பொருளை எந்த நிலை வரையில் சிதைத்த பின் மீட்பது உசிதம் என்று யோசிப்பது, உலைத் தொழில் தோன்றிய காலந்தொட்டு இருந்து வரும் வழக்கமே. இரும்புக்கும் செம்புக்கும் இவ்வினாவின் விடை எளிது, உருக்கினால் போதும். ஆனால் நியோடிமியம், இரும்பு, போரான் என்னும் மூன்றும் கூடி அமைந்த நிலைக்காந்தத்தின் விஷயத்தில், நாற்பது ஆண்டுகளாக நிபுணர்கள் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவற்றுள் எதுவும் மற்றவற்றை முற்றிலும் விலக்கிவிடும் வலிமை பெற்றுவிட்டதாகச் சொல்ல இயலாது.

1960களில் அமெரிக்காவில் கார்ல் ஸ்ட்ர்னாட் முதலியோர் சமாரியமும் கோபால்ட்டும் சேர்ந்த காந்தத்தை உருவாக்கிய போதே, சமாரியம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களின் காந்த வல்லமை உலகுக்குப் புலப்பட்டுவிட்டது. 1978-இல் ஜாயிர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் மூண்ட சண்டையால் கோபால்ட் வரத்துக் குன்றி விலை ஏறவே, அதை விலக்கிவிட்டு மலிவான இரும்பைக் கொண்டு அத்தகைய காந்தம் செய்ய வழியுண்டா என்ற தேடல் தீவிரமடைந்தது. ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் குரோட்டும், ஒருவரையொருவர் சாராமல், 1983-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதற்கு விடையை வெளியிட்டார்கள். சகாவாவின் முறை, கலவையைப் பொடித்து, காந்தப் புலத்தில் அழுத்தி, சூளையில் சுட்டு இறுக்குவது. குரோட்டின் முறை, உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தின்மேல் வார்த்து மெல்லிய நாடாவாக உறையவைத்துப் பிறகு பொடிப்பது. ஆக, இரு முறைகளிலும் காந்தமாவதற்கு முந்திய நிலை பொடிதான். பழங்காந்தத்தைத் திரும்பவும் அந்நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கு இதுவே ஆதாரம்.

எண்ணம் எழுந்தும் அது நெடுங்காலம் பரிசோதனைச்சாலையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. 2010 செப்டம்பரில் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே கடற்பூசல் எழுந்து, ஜப்பானுக்குச் செல்ல வேண்டிய அருமண் சரக்குத் தடைப்பட்டதும், அடுத்த ஆண்டில் விலை பன்மடங்கு உயர்ந்ததுமே உலகின் கவனத்தைத் திருப்பின. அருமண் தனிமங்களில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மறுசுழற்சி ஆவதில்லை என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. 2025 ஏப்ரலில் சமாரியம், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதி அனுமதி முறையை விதித்தபோது, மின்வாகனம் செய்யும் இந்திய ஆலைகள் காந்தத்துக்குத் தவிக்க நேர்ந்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்ஸ்கூட்டர் தொழில் வேரூன்றிவிட்ட தமிழ்நாட்டுக்கு இது தூரதேசத்துச் செய்தியாக இருக்கவில்லை.

காந்தத்தினுள் காக்கத்தக்கவை

பட்சங்களை ஆராயுமுன், மீட்கப்பட வேண்டிய பொருள் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். சுட்டு இறுக்கிய காந்தத்தில் எடைக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அருமண் உலோகம். போரான் 1 சதவீதம். எஞ்சியது பெரும்பாலும் இரும்பு. சில மைக்ரான் அளவுள்ள படிகத் துகள்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்க, அத்துகள்களின் இடுக்குகளில் நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் ஒன்று படர்ந்திருக்கும். துகளைத் துகளிலிருந்து காந்த ரீதியாகப் பிரித்து வைத்து, எதிர்ப்புலத்துக்கு எளிதில் வசப்படாத உறுதியைக் காந்தத்துக்கு அளிப்பது இப்படலமே. ஏறத்தாழ 312 பாகை செல்சியஸில் காந்தத்தன்மை அறவே மறைந்துவிடும்; அதற்கு முன்பே வெப்பம் ஏற ஏற இவ்வுறுதி குன்றுமாதலால், மோட்டாரின் வெப்பத்தைத் தாங்க வேண்டிய காந்தங்களில் நியோடிமியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள். துருப்பிடிக்கும் சுபாவம் உடையதாகையால், மேலே நிக்கல் முலாமோ பிசின் பூச்சோ இருக்கும்.

எனவே ஒரு காந்தத்தில் காக்கத்தக்கவை மூன்று எனலாம்: அதன் வடிவம், அதன் உட்படிகங்களின் அமைப்பு, அதன் தனிமங்கள். இதுவரை சொல்லப்பட்டு வந்த விடைகளின் பேதம் முழுவதும், இம்மூன்றில் எதைக் காத்து எதை இழக்கத் துணிவது என்பதைப் பற்றியதே.

முதற்பட்சம்: உடைக்காமலே பயன்படுத்துவது

வடிவத்தையே காக்க வேண்டும் என்பவர்கள் கூறும் வாதம் நியாயமானது. காந்தம் செய்வதற்குச் செலவான சக்தியும் உழைப்பும் அதன் வடிவத்தில் உறைந்து கிடக்கின்றன. மோட்டார் பழுதாகும்போது பெரும்பாலும் பழுதாவது தாங்கியோ சுருளோதானே அன்றிக் காந்தம் அன்று. ஆகவே கழற்றி எடுத்து இன்னொரு யந்திரத்தில் பொருத்துவதே சிக்கனம் என்பது அவர்கள் கருத்து. காற்றாலைக்குப் பயன்படும் பெரிய ஜெனரேட்டர்களில் இவ்வாதத்துக்கு விசேஷ வலிமை உண்டு. பல்சக்கரம் இன்றி நேரடியாகச் சுழலும் நிலைக்காந்த ஜெனரேட்டரில் மெகாவாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோ காந்தம் இருக்கக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள்.

இப்பட்சத்தின் பலவீனமும் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் காந்தம் மற்றொரு நிறுவனத்தின் சுழலியில் பொருந்துவதில்லை. பிசினால் இறுக ஒட்டப்பட்டதைக் கழற்றும்போது, ஓடுபோல் நொறுங்கும் இயல்புடைய அப்பொருள் உடைந்து போகிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய தரம் இன்றைய வடிவமைப்புக்குப் போதாமற்போகவும் கூடும். பெரிய யந்திரங்களுக்கு அப்பால் இவ்வழி பரவும் என்று எதிர்பார்ப்போர் சிலரே.

இரண்டாம் பட்சம்: பொடியாக்குவது

வடிவத்தை விட்டுக்கொடுத்து, கலவையையும் படிகத்தையும் காப்பது இரண்டாம் பட்சம். இதற்கு வித்திட்டது இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரெக்ஸ் ஹாரிஸும் அவர் கூட்டாளிகளும் 1980களின் நடுவில் செய்த ஆராய்ச்சி. காந்தத்தை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால், துகள்களின் இடுக்கிலுள்ள நியோடிமியப் படலம் முதலில் அவ்வாயுவை உறிஞ்சி உப்புகிறது; பின்னர் துகள்களும் உறிஞ்சுகின்றன; இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் உள்ளே விரிசல் பரவி, கெட்டியான காந்தம் தானாகவே உதிர்ந்து பொடியாகிறது. சாதாரண அறை வெப்பத்திலேயே இது நிகழும். புதிய காந்தம் செய்கிற ஆலைகளில் கலவைக் கட்டியை உடைப்பதற்கு இம்முறை வழக்கமாகிவிட்டது. அதையே பழங்காந்தத்துக்குத் திருப்பியதுதான் மறுசுழற்சிக்காரர்களின் யுக்தி.

இந்த யுக்தியின் சிறப்பு, கழற்றும் வேலையையும் அதுவே செய்துவிடுவதில் இருக்கிறது. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் காந்தம் இருக்கும் மூலையை மட்டும் வெட்டி எடுத்து, மேற்பூச்சு விரிசலுறச் செய்து, ஹைட்ரஜன் நிரம்பிய பாத்திரத்தில் வைத்துச் சுழற்றினால், காந்தம் வலிமையிழந்து, இரும்புத் தகட்டை விட்டுப் பொடியாகக் கொட்டுகிறது. நிக்கல் முலாம் செதிளாக உரிந்து சல்லடையில் நின்றுவிடுகிறது. பர்மிங்காமில் வளர்ந்த இம்முறையைத் தொழிலாக்கும் பொருட்டு 2018-இல் ஹைப்ரோமேக் என்ற நிறுவனம் தோன்றியது.

பெற்ற பொடிக்கு இரண்டு கதிகள் உண்டு. வாயுத் தாரையில் மேலும் நுணுக்கி, காந்தப் புலத்தில் நிரல்படுத்தி அழுத்தி, ஆயிரம் பாகைக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் சுட்டால், மறுபடி கெட்டிக் காந்தம் கிடைக்கும். மற்றொன்று, ஜப்பானில் டக்கேஷிட்டாவும் நக்கயாமாவும் 1989-இல் வெளிப்படுத்திய வழி: பொடியை ஹைட்ரஜனில் 750 முதல் 900 பாகை வரை சூடாக்கினால், படிகம் நியோடிமிய ஹைட்ரைடாகவும் இரும்பாகவும் இரும்பு போரைடாகவும் பிரிந்துவிடும், பின்னர் வாயுவை வெளியேற்றினால், பிரிந்தவை மீண்டும் கூடி, முன்னிலும் மிக நுண்ணிய படிகங்களாக அமையும். அப்பொடியைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்து, வலிமை சற்றுக் குறைந்த, ஆனால் எவ்வடிவமும் கொள்ளத்தக்க காந்தங்களைச் செய்யலாம்.

இப்பட்சத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. பழங்காந்தம் தன் ஆயுளில் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உண்டு வந்திருக்கிறது. பொடியாகும்போது மேலும் உண்கிறது. ஆக்ஸிஜன் முதலில் பற்றுவது உறுதியளிக்கும் அந்த நியோடிமியப் படலத்தையே. ஆதலால் மீட்ட பொடியை அப்படியே சுட்டால் காந்தம் சரியாக இறுகுவதில்லை. எதிர்ப்பு வலிமையும் குறைகிறது. இதற்குப் பரிகாரமாகப் புதிய நியோடிமிய ஹைட்ரைடைச் சிறுபங்கு கலக்கிறார்கள். துகள் இடுக்குகளைச் சீர்செய்யும் கலவைகளைத் தேர்ந்து சேர்த்து, பழைய காந்தத்துக்கு நிகரானதை, சிற்சில குணங்களில் அதனினும் மேலானதையும் பெற முடியும் என்று அமெரிக்காவில் நடந்த முயற்சிகள் காட்டியுள்ளன. பிசினும் எண்ணெயும் விட்டுச்செல்லும் கரி மற்றொரு பகை.

ஆனால் இவ்வழியின் ஆழமான குறை வேறிடத்தில் இருக்கிறது. பொடி என்பது போட்டவற்றின் சராசரி. டிஸ்ப்ரோசியம் அதிகமுள்ள மோட்டார்க் காந்தமும், அது அநேகமாக இல்லாத ஹார்டு டிஸ்க் காந்தமும் ஒரே பாத்திரத்தில் விழுந்தால், கிடைப்பது இரண்டுக்கும் உதவாத நடுத்தரம். பழைய நகையை உருக்க வாங்கும் பத்தர் முதலில் உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பது போல, இங்கும் உருவம் அழியுமுன்பே தரம் அறியப்பட்டாக வேண்டும். அறியாமல் பொடித்த பின்பு கலவையைத் திருத்துவதற்கு இடம் மிகவும் குறுகிவிடுகிறது.

மூன்றாம் பட்சம்: தனிமங்களாகப் பிரிப்பது

வடிவம், அமைப்பு இரண்டையும் துறந்து தனிமங்களை மட்டும் காப்பது மூன்றாம் பட்சம். காந்தத்தை அமிலத்தில் கரைத்து, இரும்பை விலக்கி, அருமண்களை ஆக்ஸலேட் முதலிய உப்புகளாக வீழ்த்தி, கரைப்பான் முறையால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, ஆக்ஸைடாகச் சுட்டு எடுப்பது இதன் பொது நடைமுறை. அந்த ஆக்ஸைடு, தாதுவிலிருந்து எடுத்ததோடு எவ்விதத்திலும் வேறுபடாது. எத்தரக் காந்தத்துக்கும் பயன்படும். வரும் கழிவு எத்தனை கலப்படமாக இருந்தாலும் இம்முறை சளைப்பதில்லை. காந்த ஆலைகளில் அறுத்துத் தேய்க்கும்போது வீணாகும் சகதி, மொத்தப் பொருளில் 20 முதல் 30 சதவீதம் வரை இருப்பதுண்டு. ஆக்ஸிஜனேறிய அச்சகதிக்கு இதுவே தகுந்த வழி என்பதில் கருத்து வேற்றுமை குறைவு.

இதன் பலவீனம் நெடும்பயணம். காந்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு. அதைக் கரைப்பதற்குச் செலவாகும் அமிலமும் மிஞ்சும் கழிவுநீரும் பெருஞ்சுமை. ஆக்ஸைடு கிடைத்த பிறகும், உருகிய உப்பில் மின்சாரம் செலுத்தி உலோகமாக்கி, மறுபடி கலவையாக வார்த்து, மறுபடி பொடித்துத்தான் காந்தம் காண வேண்டும். அமிலச் சுமையைத் தணிக்கப் பல வழிகள் முயலப்பட்டுள்ளன. உருகிய மக்னீசியத்தில் நியோடிமியத்தை மட்டும் கரைத்தெடுப்பது அவற்றுள் ஒன்று. அமிலத்துக்குப் பதிலாகச் செம்பு உப்புக் கரைசலைக் கையாளும் முறை அமெரிக்காவின் ஏம்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாயிற்று. கடற்கரை மணலிலிருந்து அருமண் பிரிக்கும் பழைய தொழிலும், அணு எரிபொருளுக்காகக் கல்பாக்கத்தில் வளர்ந்த கரைப்பான் வித்தையும் உள்ள நம் நாட்டுக்கு, மூன்று பட்சங்களில் பழக்கமானது இதுவே எனலாம்.

நான்காம் பட்சம்: காந்தமே வேண்டாம் என்பது

மறுசுழற்சியின் முக்கியத்துவத்தையே ஐயுறுகிறவர்கள் இரு கட்சியினர். ஒரு கட்சியார், அருமண் இல்லாத யந்திரங்களை வடிவமைப்பதே நிரந்தரப் பரிகாரம் என்பார்கள். ஃபெரைட் காந்தத்தாலும், காந்தமின்றிச் சுருளாலேயே புலம் உண்டாக்கும் சுழலியாலும் பல காரியங்கள் ஆகக்கூடும் என்பதற்கு நடைமுறைச் சான்றுகள் உண்டு. எடையும் பருமனும் கூடுவது இதற்குரிய விலை.

மற்றக் கட்சியார் கணக்கைக் காட்டுவார்கள். காற்றாலையின் ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டு. காரின் ஆயுள் பத்து, பதினைந்து. ஆகவே இன்று கழிவாக வருவது, தேவை மிகக் குறைவாயிருந்த ஒரு காலத்தின் உற்பத்தி. தேவை வளர்ந்துகொண்டே போகும் வரையில், பழையதை முழுதாக மீட்டாலும் புதியதன் பசி தீராது. ஆதலால் சுரங்கமே முதன்மை என்பது அவர்கள் முடிவு. கணக்குச் சரியே. எனினும் அதிலிருந்து மறுசுழற்சி வீண் என்ற முடிவு வந்துவிடாது. குறிப்பாக இந்தியாவுக்கு இங்கே ஒரு தனி நியாயம் உண்டு: நம் கடற்கரை மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் முதலிய கனவகை அருமண்கள் மிக அற்பம். வெளிநாட்டிலிருந்து வாங்கிய மோட்டார்களோடு வந்த பழங்காந்தங்களில் அவை ஏற்கெனவே உள்நாட்டில் இருக்கின்றன. சுரங்கம் தர இயலாததைப் பழங்காந்தங்கள் தரும்.

மணவாளக்குறிச்சியிலிருந்து வ. புதுப்பட்டி வரை

திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிச்சென்ற மணலை ஆராய்ந்து, ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909-இல் அதில் மோனசைட்டைக் கண்டது முதல், மணவாளக்குறிச்சி உலகின் அருமண் வரலாற்றில் இடம்பெற்றது. 1950-இல் அமைந்த இந்திய அருமண் நிறுவனம் அங்கும் ஆலுவாயிலும், பிறகு ஒடிசாவின் சத்ரபூரிலும் தொழில் நடத்தி வருகிறது. தாதுவில் தோரியம் கலந்திருப்பதால், அகழ்வு எப்போதும் கதிரியக்கக் கவலையோடு பிணைந்தே இருக்கிறது. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அகழும் திட்டத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை மக்களிடையே எழுந்த எதிர்ப்பு அண்மைக்காலத்தது. பழங்காந்தத்தில் தோரியம் கிடையாது. மறுசுழற்சிக்கு இது ஒரு சகாய வாதம். ஆனால் மணலிலிருந்து கிடைக்கும் அளவுக்கு அது ஈடாகும் என்று காட்டும் வாதம் ஆகாது.

சேகரிப்பு என்னும் பிரச்சினையை அறிய, ஆலையிலிருந்து பின்னோக்கி நடந்து, விருதுநகர் மாவட்டத்து வ. புதுப்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியின் பழைய இரும்புக்கடை வரை வருவது பயனுடையது. பிளவக்கல் அணையின் பாசனத்தில் நெல்லும் தென்னையும் விளையும் இவ்வட்டாரத்தில், கழிவாக வரும் மோட்டார்களில் பெரும்பாலானவை பம்புசெட்டுகளுடையவை. அவற்றில் காந்தமே இல்லை. 1936-இல் தொடங்கிய மில் தொழிலால் பெயர்பெற்ற இராஜபாளையத்தின் நூற்பாலைகளில் நெடுங்காலமாக ஓடி வருபவையும் பெரும்பாலும் அவ்வினத்தைச் சேர்ந்த மோட்டார்களே. மிக்ஸியிலும் பழைய சீலிங் ஃபேனிலும் காந்தம் கிடையாது. டூ வீலர் மெக்கானிக் கழற்றிப் போடும் மேக்னட்டும், கோவில் திருவிழா ஒலிபெருக்கியின் கனத்த வளையமும் பொதுவாக ஃபெரைட். அருமண் காந்தம் இருக்கக்கூடியவை பழைய ஹார்டு டிஸ்க், டிவிடி கருவி, செல்போனின் சிறு ஒலிபெருக்கியும் அதிர்வி மோட்டாரும், இயர்போன், பஞ்சிலிருந்தும் அரிசியிலிருந்தும் இரும்புத் துணுக்கைப் பொறுக்க ஆலைகள் வைக்கும் காந்தத் தண்டுகளில் ஒரு பகுதி, இனிமேல் வரவிருக்கும் மின்ஸ்கூட்டர் மோட்டார் ஆகியவை. சிலவற்றில் இருப்பது சில கிராம். சிலவற்றில் ஒரு கிராமுக்கும் குறைவு.

காற்றாலைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. 1986-இல் தூத்துக்குடியருகே முள்ளக்காட்டில் முதற்காற்றாலைகள் நின்றது தொட்டு, முப்பந்தல், கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய்ப் பகுதிகளில் பரவிய பழைய யந்திரங்களில் பெரும்பான்மையானவை தூண்டல் ஜெனரேட்டர் உடையவை. எனர்கான் வகை நேரடிச் சுழலியிலும் புலத்தைத் தருவது சுருள்தான். நிலைக்காந்தம் கொண்டவை, ரீஜென் பவர்டெக் நிறுவிய 1.5 மெகாவாட் யந்திரங்கள் போன்ற பிற்காலத்தவை. ஆகவே, பழைய காற்றாலைகளை மாற்றியமைக்கும் இன்றைய முயற்சியிலிருந்து காந்தம் பெருமளவில் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். அடுத்த தலைமுறை யந்திரம் ஓய்வுபெறும்போது நிலைமை மாறலாம்.

பழைய இரும்பு வியாபாரி காந்தத்தை ஒட்டிய இரும்போடு சேர்த்தே எடைபோடுவதில் தவறு காண இயலாது. அதற்குத் தனி விலை கொடுப்பவர் அவரிடம் வருவதில்லை. அவ்விரும்பு உருக்காலைக்குப் போனால், நியோடிமியம் ஆக்ஸைடாகிக் கசடோடு சேர்ந்து திரும்ப மீளாத இடத்துக்குப் போய்விடுகிறது. எந்தச் சாமானில் எவ்வகைக் காந்தம் இருந்தது என்ற அறிவு, கழற்றுகிறவர் கையில் ஒரு கணம் இருந்து, குவியலில் விழுந்ததும் மறைந்துவிடுகிறது.

நெருப்பு என்னும் தடை

பொடிவழியை எங்கும் சிறு தொழிலாகப் பரப்பிவிடலாம் என்று சொல்வோர், இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் ஏறிய காந்தப்பொடி காற்றுப் பட்டால் தானே தீப்பற்றக்கூடியது. ஹைட்ரஜன் வாயுவோ காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் எரியவல்லது. ஆர்கான் அல்லது நைட்ரஜன் காவலில் அன்றி இப்பொடியைத் திறக்கலாகாது. உலோகப்பொடியும் மருந்தும் உராய்ந்து நேரும் விபத்துகளைச் சிவகாசிப் பட்டாசுத் தொழிலால் ஆண்டுதோறும் கண்டு வரும் விருதுநகர் மாவட்டத்துக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கழற்றுவதும் இனம்பிரிப்பதும் ஊர்தோறும் நடக்கலாம். பொடியாக்குவது பயிற்சியும் கண்காணிப்பும் உள்ள சில இடங்களில் மட்டுமே நடக்க வேண்டும் என்பதே பாதுகாப்பான கருத்தாகத் தோன்றுகிறது.

அரசின் ஏற்பாடுகளும் அவற்றின் அளவுகோலும்

இந்தியாவில் காந்தத் தொழிலுக்கு அண்மையில் ஊக்கம் கூடியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 3,000 கிலோ சமாரியம் கோபால்ட் காந்தம் செய்யும் ஆலை 2023-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தம் செய்யும் திறனை உருவாக்க, 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முன், செப்டம்பரில், முக்கிய கனிமங்களின் மறுசுழற்சிக்கென 1,500 கோடி ரூபாய் ஊக்கத்திட்டம் அறிவிக்கப்பட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு சிறு நிறுவனங்களுக்கும் புதுத்தொழில் முனைவோருக்கும் ஒதுக்கப்பட்டது. ஹைதராபாத்தில் தலைமையிடமும் சென்னையில் ஒரு மையமும் உடைய தூள் உலோகவியல் ஆராய்ச்சி மையமும் இத்துறையில் உழைத்து வருகிறது.

ஆயினும், சட்டம் எதை அளக்கிறதோ அதையே தொழிலும் மீட்கும் என்பது அநுபவம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில், மறுசுழற்சிச் சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவைக்கொண்டு வழங்கப்படும் முறை ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் வந்த பழைய வாகன விதிகளோ உருக்கின் எடையை ஆதாரமாகக் கொண்டவை. காந்தத்தை இரும்போடு உருக்கிவிட்டாலும் இவ்வளவுகோல்களில் குறையொன்றும் தென்படாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய முக்கிய மூலப்பொருட் சட்டம் வேறு வழியில் செல்கிறது: காந்தம் அடங்கிய சாதனங்களில், காந்தம் எங்கிருக்கிறது, எடை எவ்வளவு, எவ்வகைக் கலவை, எப்படிக் கழற்றுவது என்ற விவரங்களைப் படிப்படியாகப் பொறிக்கச் செய்வது அதன் ஏற்பாடு. அது எவ்வளவு பலிக்கும் என்பதைச் சொல்லக் காலம் போதவில்லை; ஆனால் பொடிவழியின் பிரதான பலவீனம் இன்னதென்று அறிந்து அதற்குரிய இடத்தில் மருந்திட்ட முயற்சி என்ற பாராட்டுக்கு அது உரியது.

மதிப்பீடும் எஞ்சும் வினாக்களும்

இதுவரை கண்ட பட்சங்களை எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்துவதைவிட, கழிவைப்பற்றி நமக்கு உள்ள அறிவின் அளவுக்கேற்ப அமைந்த படிகளாகக் கொள்வது பொருத்தம் என்று தோன்றுகிறது. காந்தத்தின் வரலாறு முழுதும் தெரிந்த இடத்தில், அதாவது ஒரே வகை யந்திரங்கள் மொத்தமாக ஓய்வுபெறும் காற்றாலைக் களத்திலோ வாகன ஆலையிலோ, உடைக்காமல் பயன்படுத்துவதும் பொடியாக்குவதும் சிறந்தவை. தரம் ஒன்றென்று மட்டும் தெரிந்த இடத்தில், புதுச்சேர்க்கை கலந்த பொடிவழி நியாயமானது. ஒன்றும் தெரியாத கலப்படக் குவியலுக்கும் ஆலைச் சகதிக்கும் தனிமப் பிரிப்பே கதி. அறிவு குறையக் குறைய, அதிகம் உடைக்க வேண்டியிருக்கிறது. அதிகம் உடைக்க உடைக்க, அமிலமும் மின்சாரமும் அதிகம் செலவாகின்றன.

இம்மதிப்பீட்டுக்குப் பின்னும் சில வினாக்கள் தீராமல் நிற்கின்றன. ஒரே காந்தத்தை எத்தனை தடவை பொடியாக்கிப் புதுப்பிக்கலாம், ஒவ்வொரு சுற்றிலும் சேரும் ஆக்ஸிஜனும் கரியும் எந்த எல்லையில் அதைத் தனிமப் பிரிப்புக்குத் தள்ளும் என்பது ஒன்று. பொடிவழியே சக்திச் சிக்கனம் உடையது என்று ஆயுட்சுழற்சிக் கணக்குகள் பொதுவாகக் காட்டினாலும், சேகரிப்பும் கழற்றலும் அக்கணக்கில் முழுதும் அடங்கினால் முடிவு எவ்வளவு மாறும் என்பது இரண்டாவது. அருமண் விலை வீழ்ந்த ஆண்டுகளில் மறுசுழற்சி ஆலை எதைக்கொண்டு பிழைக்கும் என்பது மூன்றாவது. 2011-இன் உச்சத்துக்குப் பின் விலை சரிந்தபோது உலகெங்கும் பல முயற்சிகள் சோர்ந்ததை இங்கே நினைவுகூரலாம்.

நான்காவது நம் நாட்டுக்கு உரியது. ஆதரவு பெறும் புதிய காந்த ஆலைகள் ஆக்ஸைடிலிருந்து தொடங்கி உலோகம், கலவை, காந்தம் என்று செல்லும் வரிசையில் அமையவிருக்கின்றன. மீட்ட பொடி அவ்வரிசையின் நடுவில் நுழைய வேண்டிய பொருள். அதற்கு வாசல் வைக்கப்படுமா, அதன் தரத்தை யார் எவ்விதம் சோதித்து உறுதிசெய்வார் என்பது இன்னும் முடிவாகவில்லை. வ. புதுப்பட்டியின் இரும்புக்கடையிலிருந்து ஹார்டு டிஸ்க்கும் மின்ஸ்கூட்டர் மோட்டாரும் இனம்பிரிந்து வெளியேறுவதற்கு, அவற்றிலுள்ள காந்தத்துக்கென ஒரு தனி விலையும், கழற்றுகிறவர் படித்தறியக்கூடிய ஒரு குறியும் வேண்டும். இவ்விரண்டும் ஏற்படும் வரையில், பொடிவழி ஆலைகளின் சொந்தக் கழிவுக்கும் பெரிய யந்திரங்களுக்கும் உரியதாகவே இருந்துவரும் என்று கருத இடமிருக்கிறது. ஏற்பட்ட பின் அது எவ்வளவு தூரம் பரவும் என்பதை இப்போதைக்கு அறுதியிட்டுக் கூற முடியாது.